கவசம் பூண்ட கிறிஸ்து

காஞ்சியில் பங்குப்பணி ஆற்றும் நமக்குக் கவசம் புதிதன்று. கருங்கல் திருமேனிக்கு வெள்ளிக் கவசமோ பொற்கவசமோ சாத்தப்பெறும் நாளில், தறிக்கூடங்களில்கூட அதுவே பேச்சாக இருக்கும். அத்தகைய கவசத்தைக் கண்டு ஒரு சிற்பி கிறிஸ்துவைப் படைத்தார் என்று நாம் சொன்னபோது, நம் பங்கு மக்களுள் சிலர் முகம் சுளித்தனர். அந்தக் கிறிஸ்துவைப் பற்றியே எழுத விழைகிறோம்.

சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அங்குப் பயின்று, கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தவர்களுள் ஒருவர் பி.வி. ஜானகிராம் (1930-1995). எஸ். தனபால் வடித்த கிறிஸ்துவும், அல்போன்சோ அருள்தாஸ் தீட்டிய கிறிஸ்துவும் அதே கல்லூரி மரபில் வந்தவையே. ஆயினும் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஜானகிராமின் படைப்புத்தான்.

செப்புத்தகட்டை வெட்டி, தட்டிப் புடைக்கச் செய்து, அதன்மேல் மெல்லிய கம்பிகளைப் பற்றவைப்பது அவர் முறை. கம்பிக் கோடுகளே முகவரிகளும் ஆடை மடிப்புகளும் ஆகின்றன. கோவில் கவசம் போலவே உருவம் நேர்முகமாக நிற்கும், சுற்றிவந்து காண்பதற்கன்று.

இங்கே நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. கவசம் மாட்சியின் அடையாளம். தம்மையே வெறுமையாக்கினார் என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதிய அந்த ஆண்டவருக்கு, ஆடை உரியப்பட்டுச் சிலுவையில் தொங்கியவருக்கு, கவசம் பொருந்துமா? சில இடங்களில் கம்பி வேலைப்பாடு மிகுந்து, துயரம் அணிகலனாக மாறிவிடுகிறது என்றே இன்றும் எண்ணுகிறோம். அதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சிற்பத்தின் நிழற்படத்தை நம் பங்கைச் சார்ந்த முதிய நெசவாளர் ஒருவரிடம் காட்டினோம். சேலையை வாங்கியதும் திருப்பிப் பார்த்து, உடலும் கரையும் இணையும் கோர்வையை விரலால் தடவிப் பார்ப்பவர் அவர். “சாமி, இதுக்குப் பின்பக்கம் எப்படியிருக்கும்?” என்றார்.

பின்பக்கம் வெறும் குழிவு. கோவில் கவசத்தின் உள்ளே கல் இருக்கிறது. இந்தக் கவசத்தின் உள்ளே ஒன்றுமில்லை. இறையியல் பயின்ற நாம் காணாததை அக்கேள்வி காட்டிற்று. மாட்சியின் வடிவத்தை எடுத்து, அதன் உள்ளீட்டை வெறுமையாகவே விட்டிருக்கிறார் சிற்பி. அவர் அவ்வாறு கருதியிருக்க வேண்டும் என்பதில்லை. செம்பு அப்படிச் சொல்கிறது.

திருச்சபை எந்தவொரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொள்ளவில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாடு பற்றிய ஏட்டில் தெளிவாக்கியது. ஆயினும் இந்தக் கிறிஸ்துவை நாம் கண்டது கண்காட்சிக் கூடத்தில்; பீடத்தில் அன்று. குற்றம் பிறருடையதன்று. நம் ஆலயத்திற்குப் புதிய சுரூபம் வேண்டியிருந்தபோது, விலைப்பட்டியலைப் பார்த்து, நீலக்கண்ணும் ரோசாக் கன்னமும் உடைய அச்சுவார்ப்பு ஒன்றைத் தருவித்தவர் நாமே. பத்துத் தெரு தள்ளிக் கவசம் தட்டும் கைகள் இருந்தன. கேட்கத் தோன்றவில்லை.

அம்முதியவர் நிழற்படத்தைத் திருப்பித் தரவில்லை. தறிக்கு எதிரே ஒட்டி வைத்திருக்கிறார்.