மலையேறும் பழைய ஹைலக்ஸ்

கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், மரக்கறி இறக்கிவிட்டு அரிசியும் உரமும் சுமந்து திரும்பும் பழைய டொயோட்டா ஹைலக்ஸ் வாகனங்கள் திணறுவதைக் காண்பவர்க்கு, யந்திரத்தையே மாற்றினாலன்றி இவற்றுக்கு விமோசனமில்லை என்ற எண்ணமே முதலில் எழும். அவ்வெண்ணம் பிழையானது என்பது, டர்போ இல்லாத 2446 சிசி 2எல் டீசல் யந்திரமுடைய ஒரு வாகனத்தை, திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அதே பாரத்தோடு அப்பாதையில் ஓட்டிப் பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட அபிப்பிராயம்.

சுமையோடு 2500 கிலோ எடையுள்ள வண்டி, 100 அடிக்கு 8 அடி உயரும் சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு வேண்டுவது சுமார் 22 குதிரைச் சக்திதான். 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்து, அதற்கேற்ப யந்திரம் சோர்ந்தாலும், இது அதற்கு மீறிய பாரமன்று. ஆனால் மூன்றாம் கியரில் நின்றுவிடுவது போல் தளர்வதும், இரண்டாம் கியரில் வீணே இரைவதுமாக அவ்வண்டி அல்லற்பட்டதற்குக் காரணம், சக்தி சக்கரத்தைச் சேரும் விகிதத்திலேயே இருந்தது.

அழகுக்காகப் பூட்டியிருந்த 31 அங்குல டயர்களைக் கழற்றி, 28 அங்குல அளவுக்கு மீண்டதுமே இழுவை பத்தில் ஒரு பங்கு உயர்ந்தது, பின்னச்சின் 4.10 கிரவுன் பினியனுக்குப் பதில் 4.88 பூட்டியபோது மேலும் 19 சதவீதம் கூடிற்று. ஏர் ஃபில்ட்டரும் நாசில்களும் சுத்தமாக இருப்பது இவற்றுக்கெல்லாம் முந்திய கடமை. இறம்பொடைக்கு மேலுள்ள ஏற்றத்தில், முன்பு இரண்டாம் கியருக்கு இறங்கியே தீரவேண்டியிருந்த இடங்களை வண்டி இப்போது மூன்றாம் கியரிலேயே நிதானமாகக் கடந்தபோது எனக்குண்டான சந்தோஷம் கொஞ்சமன்று.

டீசல் பம்பைத் திருகி எரிபொருளைக் கூட்டிவிடும் யோசனை கராச்சுகளில் எளிதாகக் கிடைக்கும். அதை நான் மனப்பூர்வமாக எதிர்க்கிறேன். காற்று பெருகாமல் டீசல் மட்டும் பெருகினால், கரும்புகை எழுவதோடு, உஷ்ணம் மிகுந்து சிலிண்டர் ஹெட் வெடிக்கும் அபாயமும் உண்டு.

புதிய விகிதத்தால் சமவெளியில் யந்திரம் கூடுதலாகச் சுழலும், ஆகவே கண்டி, கொழும்பு என்று நெடுந்தூரம் விரையும் வண்டிகளுக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். வேகமானியும் உள்ளதைவிட அதிகமாகவே காட்டுமாதலால் அதன் பற்சக்கரத்தை மாற்றவேண்டும். நான்கு சக்கர இழுவையுள்ள வண்டியாயின், முன்னச்சுக்கும் அதே 4.88 விகிதத்தைப் பூட்டாமல் அதனை நான்கு சக்கர இழுவையில் ஓட்டவே கூடாது.