மா சுச: – ஒரு ரஹஸ்யார்த்த விசாரம்

சரம ச்லோகத்தின் இறுதியிலுள்ள ‘மா சுச:’ என்பதை ஆறுதல் மொழியாகக் கொள்வது பொதுவழக்கு. முமுக்ஷுப்படியில் பிள்ளை லோகாசார்யர் அருளிச்செய்யும் பொருள் இதனினும் கடுமையானது. சரணம் புகுமுன் சோகியாதிருத்தல் குறை. புகுந்தபின் சோகித்தல் சேஷனான தன் ஸ்வரூபத்துக்கும் பொறுப்பேற்ற ஈச்வரன் பெருமைக்கும் ஒக்க இழுக்கு.

தன் தகுதியின்மையை உணர்தல் நைச்யம். அதுகொண்டு அவன் கைவிடுவானோ என்று அஞ்சுதல் அவிச்வாஸம். இவ்விரண்டையும் ஒன்றாக மயங்குவோர் பலர்.

இது அச்சமறியாதார் வாக்கன்று. 14ஆம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு திருவரங்கம் நீங்கிய லோகாசார்யர் ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். அவ்விடர்க்காலத்திலேயே வேதாந்த தேசிகர் அபீதிஸ்தவம் அருளிச்செய்தார். உபாய விசாரத்தில் வேறுபட்ட இவ்விரு ஆசார்யர்களும் அபயத்தில் ஒன்றுபடுகின்றனர். தன் ரக்ஷணம் அவன் பொறுப்பென்று தெளிந்தார்க்கு அச்சம் வந்தாலும் நிலைக்க இடமில்லை.