உருகுபனி வெள்ளத்தில் ஈத்தூண்டில்

வட அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில், குளிர்காலமெல்லாம் சிகரங்களில் இறுகிக் கிடந்த பனி மே மாதத்தில் உருகத் தொடங்கி, ஜூன் வரையில் ஓடைகளைக் கரைபுரளச் செய்யும் பருவத்தை, செயற்கை ஈ கட்டித் தூண்டில் போடும் ரசிகர்களில் பலர் வீட்டிலிருந்தபடியே கழித்துவிடுவர். கலங்கல் நீரில் மீனுக்குக் கண் தெரியாது என்பது அவர்கள் கட்சி. மீன் ஒதுங்குமிடம் நிச்சயமாகத் தெரிவது இந்நாட்களில்தான் என்பது எதிர்க்கட்சி. இரு சாராரும் மீனைப் பற்றியே வழக்காடுகிறார்கள். தூண்டில்காரர் எங்கே நிற்கிறார் என்பதே வெள்ளத்தில் தூண்டில் போடுவதன் குணதோஷங்களைத் தீர்மானிப்பதாக எனக்குப் படுகிறது.

மொன்டானாவில் மிசூலா நகருக்குக் கிழக்கே கிளார்க் ஃபோர்க் ஆற்றில் கலக்கும் ராக் கிரீக்கையே எடுத்துக்கொள்வோம். நடுவோட்டம் மூர்க்கங்கொண்டதும், அதனோடு போராடி வலுவிழக்க மனமில்லாத டிரௌட் மீன்கள் வளைவுகளின் உட்புறத்திலும், பாறைகளுக்குப் பின்னேயுள்ள மந்தநீரிலும், கரையோரப் புதர்களின் அடியிலும் வந்து அடைந்துவிடுகின்றன. நீருக்கடியில் சில ஆண்டுகள் கல்லிடுக்கில் வாழ்ந்த 'சால்மன் ஈ' என்னும் இரண்டங்குலப் பூச்சியும், ஜூன் மாதத்தில் இறகு விரிக்கும்பொருட்டு அதே கரையை நோக்கித்தான் ஊர்ந்து வருகிறது. ஆகவே, நுரை மெல்லச் சுழலும் ஒரு பாயளவு நீரில், கையெட்டும் தூரத்தில், பருத்த கறுப்பு ஈயொன்றை ஈயக்குண்டு கோத்து அமிழ்த்தி ஓடவிடுகிறவருக்கு நெடுந்தூரம் நரம்பு வீசும் வித்தை வேண்டியதில்லை; பகல் வெயிலில் உருகிய நீர் மலையிறங்கி வந்து சேர அந்தியாகிவிடுமாதலால், வெள்ளம் சற்றே வடிந்திருக்கும் காலைவேளையைத் தேர்ந்துகொள்ளும் விவேகம் இருந்தால் போதும்.

ஈயக்குண்டு கோத்த நரம்பைத் தொப்பென்று போடுவதில் கலை ஏது என்று ரசிகர்கள் ஆக்ஷேபிப்பார்கள். அழகுக்கு நேரும் அந்த நஷ்டத்தை நான் பெரிதுபடுத்த மாட்டேன். நீரில் இறங்குவதுதான் தோஷம். முழங்காலளவு வெள்ளமே ஆளைச் சாய்த்துவிடும். அது தம் உயிரைத் தாமே பணயம் வைப்பவரின் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் மொன்டானாவின் 1985-ஆம் ஆண்டுச் சட்டம், தனியார் நிலத்தினூடே ஓடும் ஓடையிலும் வழக்கமான உயர்வெள்ளக் குறிக்குள் எவரும் நடமாடலாம் என்று உரிமை வழங்க, வெள்ளமோ அந்தக் குறிவரை ஏறி நின்று, நடக்கத் தகுந்த கரையை முழுங்கிவிடுகிறது. உரிமை தண்ணீருக்கடியில் கிடக்கிறது. அதைப் பற்றியே தீருவேன் என்பவர் நீரில் இறங்கித்தான் ஆகவேண்டும்.

அப்படி இறங்கிய காலின் கீழே இருப்பது வெறும் சரளைக்கல் அன்று. ரெயின்போ டிரௌட்டும், அந்த மலைக்கே உரிய கட்த்ரோட் டிரௌட்டும் வசந்தத்தில்தான் சரளையில் குழி பறித்து முட்டையிடுகின்றன. முட்டையிட்டது முதல் குஞ்சுகள் வெளிவரும் வரையில் நாள்தோறும் இருமுறை அத்தகைய சரளையை மிதித்துவந்தால் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் 96 சதவீதம் வரை மாண்டுபோகக்கூடும் என்று 1992-இல் வெளியான மொன்டானா ஆராய்ச்சியொன்று காட்டிற்று.

இவ்விஷயத்தில், வெள்ளம் வடியட்டும் என்று பொறுத்திருந்தவர்களுக்கும் தனிப் பெருமை கொடுப்பதற்கில்லை. நீர் தெளிந்த ஜூலை மாதத்தில், ஆபத்து நீங்கியது என்ற நிம்மதியோடு அவர்கள் ஓடையில் கால் வைக்கும்போது, கட்த்ரோட்டின் குஞ்சுகளில் பல இன்னும் அந்தக் கற்களுக்கிடையேதான் இருக்கின்றன.