ஜான் கீகனின் போர் நூல்களும் உளவின் மதிப்பும்

இங்கிலாந்தின் சாண்டர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் 1960 முதல் 1986 வரை வரலாறு கற்பித்த ஜான் கீகன், தம் வாழ்நாளில் ஒரு போரிலும் நின்றவர் அல்லர். இளமையில் காசநோய் இடுப்பைத் தாக்கிக் காலை ஊனமாக்கியது. படையிற் சேரும் வாய்ப்பும் அதனோடு போயிற்று. அத்தகையவர் படைத்தலைவர்களாகப் போகும் இளைஞர்க்குப் போரைப் பற்றிப் பாடம் சொல்ல நேர்ந்தது. இம்முரண்பாட்டை மறைக்காமல் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறது 1976-இல் வெளிவந்த 'தி பேஸ் ஆஃப் பேட்டில்'. 'போரின் முகம்' என அதனைத் தமிழிற் சொல்லலாம். 2012-இல் மறைந்த அவ்வறிஞர் எழுதிய நூல்கள் பல. எனினும், நெப்போலியன் காலப் போரையும் போர்க்கால உளவையும் அவர் எவ்வாறு நோக்கினார் என்பதை அறிய அந்நூலும், 2003-இல் வந்த 'இன்டெலிஜென்ஸ் இன் வார்' என்னும் உளவு நூலும் போதும். இரண்டும் ஒரு கை எழுதியவையே; ஆயினும் ஒன்றோடொன்று முற்றும் உடன்படுவன அல்ல.

முதல் நூலின் நெஞ்சு போன்ற பகுதி வாட்டர்லூ. 1815 ஜூன் 18-இல் நடந்த இப்போரைப் பாடநூல்கள் நெப்போலியனும் வெல்லிங்டனும் ஆடிய சதுரங்கமாகவே காட்டி வந்தன. கீகன் ஆட்டக்காரரை விட்டுக் காய்களிடம் செல்கிறார். இரவெல்லாம் மழையில் நனைந்து, சேற்றிற் கிடந்து, அரை வயிற்றோடு எழுந்த சிப்பாய்க்குப் புகையினூடே தெரிந்தது எவ்வளவு என்று கேட்கிறார். பிரெஞ்சுக் குதிரைப்படை திரும்பத் திரும்பப் பாய்ந்தும் ஆங்கிலக் காலாட்படையின் சதுரங்களை உடைக்க முடியாமற் போனதேன்? நெருங்கி நிற்கும் மனிதச் சுவரில், அதுவும் கத்தி முனைகள் நீண்டிருக்கையில், குதிரை மோதாது. விலகும், அல்லது நின்றுவிடும். ஓவியர் தீட்டிய பெருமோதல் பெரும்பாலும் நிகழவே இல்லை. குதிரைகள் சூழ்ந்திருந்த நேரமே சதுரத்தினர் மூச்சுவிட்ட நேரம். அவை விலகியதும் பீரங்கிக் குண்டுகள் வந்து விழுந்தன. 27-ஆம் அயர்லாந்துப் படையணி நின்ற இடத்திலேயே பாதிக்கு மேற்பட்டோரை இழந்தது. அவர்களுக்குப் போரின் போக்குத் தெரியாது. இவ்வறியாமையைக் கீகன் எழுதும் திறம் வேறெங்கும் காண்டற்கரியது. ஆங்கில அதிகாரிகளின் கடிதங்களையே அவர் மிகுதியும் சார்ந்தமையால் பிரெஞ்சுக்காரரின் குரல் மெலிந்து கேட்கிறது என்பது ஒரு குறை.

உளவு நூலின் கொள்கை வேறு. எதிரியைப் பற்றிய அறிவு பயனுடையதே. ஆனால் வெற்றியைத் தருவது வலிமையும் மனவுறுதியுமே என்கிறார். ஒற்றாடலுக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, ஓர் ஒற்றன் தந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொன்ன வள்ளுவரைப் பயின்றோர்க்கு இது சற்றே உறுத்தும். உறுத்தியது என்பதற்காகத் தள்ளிவிடுதல் முறையன்று. அவர் காட்டும் சான்றுகளையே பார்க்கவேண்டும்.

1798-இல் நெல்சன் நெப்போலியனை மத்தியதரைக் கடலெங்கும் தேடினார். வேவு பார்க்கும் 'பிரிகேட்' விரைவுக் கப்பல்கள் புயலிற் பிரிந்துபோயின. ஜூன் 22 இரவு இரு கடற்படைகளும் ஒன்றையொன்று காணாமலே வழி கடந்தன. நெல்சன் அலெக்சாந்திரியாவை முந்தி அடைந்தார். துறைமுகம் வெறிச்சென்றிருக்கக் கண்டு திரும்பினார். ஜூலை 1-இல் நெப்போலியன் வந்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட படையை இறக்கினார். ஆகஸ்ட் 1-இல் அபுகீர் வளைகுடாவில் பிரெஞ்சுப் பெருங்கப்பல்கள் 13-இல் 11 அழிந்தன அல்லது பிடிபட்டன. இதனை வலிமையின் வெற்றி என்கிறார் கீகன். உண்மைதான். ஆனால் ஒரு திங்களுக்கு முன்னரே இருப்பிடம் தெரிந்திருந்தால் எகிப்தில் அப்படை கால்வைத்திருக்குமா? வெற்றியை மட்டும் அளக்கும் கோல் தாமதத்தின் விலையை அளப்பதில்லை.

எம்டன் கதை நம்மவர்க்கு அண்மையது. 1914 செப்டம்பர் 22-இல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்து, அக்டோபர் 28-இல் பினாங்குத் துறைமுகத்துள் பொய்ப் புகைபோக்கியுடன் நுழைந்து, ருஷ்யக் கப்பலொன்றையும் பிரெஞ்சுக் கப்பலொன்றையும் மூழ்கடித்தது அது. சூழ்ச்சிக்காரனை 'எம்டன்' என்னும் வழக்குத் தமிழில் அதனால் வந்தது. நவம்பர் 9-இல் கொக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கச் சென்றபோது, அங்கிருந்த தந்தியாளர்கள் கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பிவிட்டனர். ஏறத்தாழ ஐம்பது மைலுக்கு அப்பால் துருப்புக் கப்பல்களுக்குக் காவலாகச் சென்ற 'சிட்னி' விரைந்து வந்து பெரும்பீரங்கிகளால் அதனை ஒழித்தது. பீரங்கி பெரிதுதான், அச்செய்தி இன்றேல் அது தன் வழியே போயிருக்கும்.

வெல்லிங்டனின் அதிகாரி ஸ்கோவல் 1812-இல் பிரெஞ்சுச் சங்கேதக் குறியீட்டை உடைத்த வரலாற்றுக்கு இந்நூலில் தனி அத்தியாயம் இல்லாததும் ஏமாற்றமே.

கீகனின் கொள்கைக்குப் பெருந்தூணாக நிற்பது 1941 மே மாதக் கிரீட் போர். ஜெர்மன் பாராசூட் படை வரப்போவது சங்கேதச் செய்திகளால் முன்பே தெரிந்திருந்தும் தீவு பறிபோயிற்று. ஆகவே முன்னறிவால் பயனில்லை என்பது அவர் வாதம். வானத்தை ஜெர்மானியர் ஆண்டனர் என்பது மெய்யே. ஆயினும் தரையில் காத்து நின்றோர் ஏறத்தாழ 40,000. தாக்க வந்தோர் 22,000 அளவினர். எண்ணிக்கையே வலிமையானால் முடிவு வேறாக இருந்திருக்கும். தளபதி பிரைபர்க் கடல்வழித் தாக்குதலையே பெரிதும் அஞ்சி, கையிலிருந்த செய்தியின் பொருளைப் பிறழக் கொண்டார். மாலெமே விமானத் தளத்தை நோக்கிய 107-ஆம் குன்றைக் காத்த நியூசிலாந்துப் படைத்தலைவர், முன்னணியில் நின்ற தம் பிரிவுகள் அழிந்தன என எண்ணி அன்றிரவு குன்றைக் கைவிட்டார். அவை அழியவில்லை. எதிரியோ தோட்டா தீரும் நிலையில் களைத்துக் கிடந்தான். அதுவும் அவருக்குத் தெரியாது. வாட்டர்லூப் புகையில் நின்றவனுக்குத் தெரியாதவற்றை அத்தனை நுணுக்கமாக எழுதியவர், இங்கும் அதே அறியாமை வேலை செய்ததை எடை போடாமல் விட்டது வியப்பே.