பத்தாம் வசனம் எங்கே?

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் அந்த ஆண்டுக்கென்று ஒரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை எடுக்கும் வழக்கத்துக்குப் பரிந்து பேசுகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: ஒரு வசனம் ஒருவருக்கு நம்பிக்கை தந்தால் அதில் என்ன தவறு? தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் பெரிய ஆலயம், மாடி அறைச் சபை என்ற பேதமில்லாமல் நடப்பது இது. நன்மை இல்லை என்று நானும் சொல்லவில்லை. சானடோரியம் ஆஸ்பத்திரியில் அந்த அட்டையைத் தலையணைக்கடியில் வைத்து, இருமலோடு விடியலுக்குக் காத்திருப்பவரிடம் இறையியல் பேச எனக்கு மனம் வராது.

என் மறுப்பு, அட்டையில் எதை அச்சடிக்காமல் விடுகிறோம் என்பதில். பளபளப்புத் தாள், ரோஜாப்பூ, அதன்மேல் 'தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே' என்ற எரேமியா 29:11. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று கெடு இருக்கிறது. கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பாமலே சாவார்கள். அதனால்தான் அங்கேயே வீடு கட்டு, தோட்டம் போடு, அந்த ஊருக்காக ஜெபம் பண்ணு என்கிறது கடிதம். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று முந்தின அதிகாரத்தில் சொன்னவன் அனனியா. அவனைப் பொய்த் தீர்க்கதரிசி என்று வேதம் தள்ளுகிறது. பத்தாம் வசனத்தை வெட்டிவிட்டுப் பதினோராவதை மட்டும் 'இந்த ஆண்டு உனக்கு' என்று நீட்டும்போது, எரேமியா பெயரில் அனனியாவின் வாக்கைத்தான் கொடுக்கிறோம்.

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அடுத்த மாதம் புத்தாண்டு. வீட்டுச் சேற்றை வழித்துப் போட்டு வந்தவர்கள் கையிலும் அதே செழிப்பு அட்டைதான். 'தண்ணீர் எங்கள் வாசற்படியோடு நின்றது, கர்த்தர் உண்மையுள்ளவர்' என்ற சாட்சி வேறு. படி தாண்டித் தண்ணீர் புகுந்த பக்கத்து வீட்டாரிடம் கர்த்தர் உண்மை தவறினாரா? தப்பித்தவன் மட்டுமே சாட்சி சொல்ல முடிகிற சபையில், இழந்தவன் தன் விசுவாசத்தைக் குறைசொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறான். இதைவிடப் பெரிய கொடுமையை நான் சபைக்குள் பார்த்ததில்லை.

இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்பதும் அட்டைக்குப் பிடித்த வசனம்தான். இடிந்த எருசலேமில், பசியால் பிள்ளைகள் தெருவில் துவண்டு விழுவதைக் கண்டவன் சொன்னது அது. அவன் புத்தகமான புலம்பல் பதில் கிடைத்து முடியவில்லை. முழுக்கத் தள்ளிவிட்டீரோ என்ற பயத்தோடு முடிகிறது. முடிச்சூருக்குக் கொண்டுபோக வேண்டிய நம்பிக்கை இதுதான்.

புலம்பல் ஐந்தே அதிகாரம், 154 வசனம். ஆராதனையில் முழுக்க வாசித்தாலும் அரை மணி நேரம் போதும். அட்டைத் தட்டு அதற்குப் பிறகு வரட்டும், பத்தாம் வசனத்தையும் சேர்த்து அச்சடித்து.