தென்னை ஏறும் கருவி: காலுக்கு மிதி உண்டு, இடுப்புக்குக் கயிறு எங்கே?

பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்பில் போன ஐப்பசியில் நின்றிருந்தேன். இரவெல்லாம் பெய்த மழை விடிகாலையில்தான் விட்டிருந்தது. காய் வெட்டுக்கு வந்த பெரியவர் முதல் மரத்தின் வடக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். கையில் பச்சையாகப் பாசி ஒட்டியது. "ஈரம் காயல தம்பி. நாளக்கழிச்சு வரேன்" என்று தளைக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தோப்புக்காரருக்கு மனம் கேட்கவில்லை. லாரி சொல்லியாகிவிட்டது. கொட்டகையில் கிடந்த ஏறும் மெஷினை எடுத்துவரச் சொல்லி, தோப்பு வேலைக்கு இருந்த இளைஞரை ஏற்றினார். இரண்டு ஆள் உயரம் போயிருப்பார். இடது கால் மிதி ஒரு சாண் சறுக்கி, பிறகு பிடித்துக்கொண்டது. கீழே நின்ற எங்களுக்குக் கம்பிவடம் பட்டையில் உரசிய சத்தம் கேட்டது. அவர் இரண்டு கையாலும் மரத்தை அணைத்தபடி அப்படியே நின்றார். இடுப்பில் எதுவும் கட்டியிருக்கவில்லை. கட்ட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவும் இல்லை.

அன்றிலிருந்து இந்தக் கருவியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இதைப் புகழ்கிறவர்கள் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்கிறார்கள். பழிக்கிறவர்கள் நேரம் பிடிக்கிறது என்கிறார்கள். சறுக்கினால் என்ன ஆகும் என்பதை இரு தரப்பும் கடைசியில்தான் பேசுகின்றன. அதை முதலில் கேட்க வேண்டும் என்பதே என் கட்சி.

தஞ்சாவூர் என்றால் நெல் என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 1934இல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய், நாங்கள் புது ஆறு என்று சொல்கிற வாய்க்கால், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தண்ணீரைக் கொண்டுவந்தது. பின்னாளில் இந்தத் தெற்குப் பகுதி தென்னை நாடாக மாறியது. பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் வேப்பங்குளத்தில் தென்னைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மரம் பெருகிய அளவுக்கு மரம் ஏறுகிறவர்கள் பெருகவில்லை. தளை போட்டு ஏறியவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். நெஞ்சிலும் பாதத்திலும் காய்ப்புக் காய்த்த அப்பாவின் உடம்பைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். போனதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

ஆள் இல்லாத இடத்தில் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது துரட்டி. குட்டை மரத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. தரையில் நின்றே வேலை முடிகிறது. மரம் உயர உயரத் துரட்டியின் நீளம் கூடும், கை நடுங்கும், மேலே எந்தக் குலையில் கொக்கி மாட்டுகிறது என்பதும் தெரியாது. மூங்கிலுக்குப் பதில் அலுமினியக் குழாய் வந்த பிறகு இன்னொரு ஆபத்தும் சேர்ந்தது. பம்புசெட்டுக்கு இழுத்த மின்கம்பிகள் தோப்புக்குத் தோப்பு குறுக்கே ஓடும் ஊர் இது. கம்பியில் உரசினால் அந்தக் குழாயைப் பிடித்திருப்பவர் பிழைப்பது அரிது. கம்பி போகும் தோப்பில் அலுமினியத் துரட்டியைக் கையாலும் தொடக் கூடாது.

இரண்டாவது ஏணி. ஒற்றை மூங்கிலில் கணுக்களையே படியாக விட்டுச் செய்வது கண்ணேணி. மலைத் தேன் எடுக்கிறவர்களின் இந்த ஏணியைச் சங்கப் பாட்டுகள் மால்பு என்கின்றன. வட அமெரிக்காவில் வில்வேட்டைக்காரர்கள் மரத்தில் துண்டு துண்டாகப் பட்டையால் கட்டி ஏறும் கம்பு ஏணியும் இதே யோசனைதான். வீட்டுக்கொல்லையில் நாலு மரம் உள்ளவருக்கு ஏணி போதும். அறுபதடி நெட்டை மரத்துக்கு அது எட்டாது.

மூன்றாவது, மரத்திலேயே படி கொத்துவது. இதைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். தென்னை ஒருவித்திலைத் தாவரம். மாமரம், வேப்பமரம் போல ஆண்டுதோறும் பட்டைக்கு உள்ளிருந்து புதுத் திசு வளர்ந்து காயத்தை மூடுகிற அமைப்பு அதற்கு இல்லை. தாத்தா கொத்திய படி பேரன் காலத்திலும் திறந்த காயமாகவே இருக்கும். அதில் மழைத்தண்ணீர் தேங்கும், சாறு வடிதல் நோய்க்கான பூசணம் நுழையும், சிவப்புக் கூன்வண்டு முட்டையிடும். ஆகவே எந்தக் கருவியானாலும் மனிதனை எப்படி ஏற்றுகிறது என்பதோடு மரத்தை என்ன செய்கிறது என்பதையும் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இந்தச் சோதனையில் ஏறும் மெஷின் நன்றாகவே தேறுகிறது. இங்கே பரவலாகப் புழங்குவது கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி உருவாக்கிய மாதிரி. இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று என இரண்டு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி ஒரு கம்பிவட வளையம், மரத்தில் அழுந்த ஒரு ரப்பர் கட்டை, கால் வைக்க ஒரு மிதி, கைக்கு ஒரு பிடி. மிதியில் எடை இறங்கினால் வளையம் இறுகும். காலைத் தூக்கினால் தளரும். தளர்ந்த சட்டத்தைக் கையால் மேலே தள்ளி, மறுபடி மிதிக்க வேண்டும். நம் எடையே பூட்டு, நம் எடையே சாவி. இவ்வளவு எளிய அமைப்பை யோசித்தவரை மனதாரப் பாராட்ட வேண்டும். மோட்டார் இல்லை, எரிபொருள் இல்லை, உடைந்தால் ஊர் வெல்டிங் பட்டறையில் சரிசெய்துவிடலாம்.

இதன் பெரிய பலம் உடம்பை மாற்றாமல் வேலையைக் கற்றுக்கொடுப்பது. தளை போட்டு ஏறப் பழக வருடங்கள் ஆகும். மெஷினில் ஏறச் சில நாள் போதும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டம் ஆறு நாள் பயிற்சி கொடுத்து, கையில் ஒரு மெஷினையும் கொடுத்து அனுப்பியது. கேரளத்தில் பெண்கள் பலர் இப்படிக் கற்று ஏறுகிறார்கள். நம் ஊரில் மரமேறுவது ஒரு சில சாதிகளின் தலையில் கட்டப்பட்ட வேலையாக, மதிப்பில்லாத வேலையாக இருந்தது. கருவியும் சான்றிதழும் வந்த பிறகு அது யாரும் பழகிச் செய்யும் தொழிலாகிறது. காய் எத்தனை இறங்கியது என்ற கணக்கைவிட இந்த மாற்றத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

இனிக் குறைகள். இரண்டு சட்டமும் சேர்ந்து ஏறத்தாழப் பத்துக் கிலோ கனக்கும். ஒவ்வொரு மரத்திலும் மாட்டி, வளையத்தை மரத்தின் பருமனுக்குச் சரிசெய்து, இறங்கி, கழற்றி, அடுத்த மரத்துக்குத் தூக்கிப் போக வேண்டும். தளைக்காரர் ஒருவர் மூன்று மரம் முடித்து வரும்போது மெஷின்காரர் முதல் மரத்தில் இருந்து இறங்கிக்கொண்டிருப்பார். மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறவருக்கு இது வருமானப் பிரச்சினை. பயிற்சி முடித்த பலர் மெஷினைக் கொட்டகையில் போட்டுவிட்டார்கள் என்று குறைப்படுகிறோம். கூலி மரக்கணக்கில் இருக்கும் வரை அது அப்படித்தான் ஆகும்.

கொண்டைக்குள் போக முடியாதது இன்னொரு குறை. மெஷினில் ஏறுகிறவர் மட்டைக்குக் கீழேயே நின்றுவிடுகிறார். தளைக்காரர் மட்டையைப் பிடித்து ஏறி, கொண்டையில் உட்கார்ந்து, பன்னாடையை விலக்கி, குருத்தில் காண்டாமிருக வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்த்து, கம்பிக் கொக்கியால் குத்தி எடுத்து, காய்ந்த மட்டையைக் கழித்துவிட்டுத்தான் இறங்குவார். காய் வெட்டுவது அவர் வேலையில் ஒரு பகுதிதான். மரத்துக்கு வைத்தியரும் அவரே. அவர் போனதோடு அந்தக் கண்ணும் போயிற்று.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஈரம். இந்தக் கருவி பிறந்த ஊரிலும் மழை உண்டு. ஆனால் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில் மழையும் கடற்காற்றும் சேர்ந்தே வரும். பாசி படிந்த மரத்தில் ரப்பர் வழுக்கும். காற்றில் உச்சி ஆடும்போது எடை ஒரு மிதியிலிருந்து மற்றதற்கு மாறும். எடை குறைந்த வளையம் தளரும். எடைதான் பூட்டு என்பது பலம் என்றேன். எடை விலகும் நொடியில் பூட்டு திறக்கும் என்பதும் அதே அமைப்பின் மறுபக்கம். பெரியவர் உள்ளங்கையால் தடவி அறிந்ததை மெஷின் அறியாது.

கோயம்புத்தூர்ப் பக்கம் உருவான உட்கார்ந்து ஏறும் வகை இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல். மேல் சட்டத்தில் இருக்கை, கீழ்ச் சட்டத்தில் பாதம். உட்கார்ந்து கீழ்ச் சட்டத்தைக் காலால் இழுத்துக்கொள்வது, எழுந்து நின்று மேல் சட்டத்தைத் தூக்குவது, இப்படிப் புழுப் போல மேலேறலாம். வயதானவரும் பயந்தவரும் இதில் ஏறுகிறார்கள். வேகம் இன்னும் குறைவு, எடை கூடுதல்.

இதே புழு நடையில் அமெரிக்க வில்வேட்டைக்காரர்கள் மான் வரும் வழியில் பரணோடு மரமேறிக் காத்திருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு நமக்கு வேட்டை இல்லை, அது நல்லதே. ஆனால் கிளையில்லாத தண்டில் கையால் தூக்கிப் போகும் கருவியோடு ஏறுவதில் அவர்கள் பட்ட அடியிலிருந்து நாம் கற்கலாம். மரத்திலிருந்து விழுவதுதான் அங்கே வேட்டைக்காரர்களின் பெரிய விபத்து. அதனால் அங்குள்ள பரண் தயாரிப்பாளர் சங்கத்தின் சான்று பெற்ற பரண்களோடு உடல் முழுவதும் மாட்டும் வார்ப்பட்டையும் பெட்டியிலேயே வருகிறது. மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் ஒரு கயிற்றால் பிணைக்கச் சொல்கிறார்கள். பிணைக்காத கீழ்ச் சட்டம் நழுவி விழுந்தால் ஆள் உச்சியில் மாட்டிக்கொள்வார். தரையில் கால் இருக்கும்போதே வார்ப்பட்டையின் கயிற்றை மாட்டி, மறுபடி தரை தொடும் வரை கழற்றாதே என்பது அவர்களது விதி.

நம்மிடம் இந்த அறிவு இல்லாமல் இல்லை. காசர்கோட்டில் உள்ள மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் செம்பேரி மாதிரிக்கென்றே ஒரு பாதுகாப்பு இணைப்பை வடிவமைத்திருக்கிறது. மரமேறிகளுக்குக் 'கேரா சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டைத் தென்னை வளர்ச்சி வாரியம் நடத்துகிறது. நான் பார்த்த தோப்புகளில் மெஷின் இருக்கிறது, இணைப்பு இல்லை. காப்பீட்டைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்கிறார்கள். கருவி வாங்கித் தருவதையே பெரிய காரியமாக நினைத்து, கயிற்றை விருப்பப் பொருளாக விட்டதுதான் இந்த முயற்சியின் அடிப்படைப் பிழை. தளைக்காரருக்குப் பல வருடப் பழக்கமே கயிறாக இருந்தது. ஆறு நாள் பயிற்சிக்காரருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவரைக் கயிறில்லாமல் ஏற்றுவது, நீச்சல் தெரியாதவரைப் பரிசலில் ஆற்றின் நடுவே கொண்டுபோய் விடுவது போன்றது.

இடுப்புப் பட்டை மட்டும் போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். விழும்போது முழு எடையும் இடுப்பில் வெட்டும். தலைகீழாகத் தொங்கவும் கூடும். தோளையும் தொடையையும் தாங்கும் முழுப்பட்டைதான் வேண்டும். பட்டையில் அசையாமல் தொங்குவதும் நெடுநேரம் தாங்காது. ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். ஆகவே தனியாக ஒருவர் ஏறவே கூடாது. கீழே ஒருவர் நிற்க வேண்டும்.

எந்தத் தோப்புக்கு எது என்று என்னைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். கொல்லையில் பத்து மரம் உள்ளவர், மரம் நேராக இருந்தால், உட்கார்ந்து ஏறும் வகையை வாங்கலாம், அவருக்கு அவசரமில்லை. கூலிக்கு ஏறுகிறவருக்கு நின்று ஏறும் செம்பேரி வகை, முழுப்பட்டையோடு, மரக்கூலியாக இல்லாமல் நாள்கூலியாக. பெரிய தோப்புக்காரர்கள் தளைக்காரர் இருக்கும் வரை அவரை விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது கொண்டை பார்க்க அவர் ஏற வேண்டும். சாய்ந்த மரத்திலும், அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடியும் மரத்திலும் எந்த மெஷினையும் மாட்ட வேண்டாம். அந்தச் சாறு வேர் அழுகும் தஞ்சாவூர் வாடல் நோயின் அடையாளமாக இருக்கலாம், அந்த நோய் கண்ட மரம் ஆளோடு சாயக்கூடும்.

2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் எங்கள் மரங்களை இலட்சக்கணக்கில் சாய்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வைத்த நெட்டைக் கன்றுகள் இப்போது காய்ப்புக்கு வருகின்றன. இன்று அவற்றில் தரையில் நின்றே காய் பறிக்கலாம். இன்னும் பதினைந்து ஆண்டில் அத்தனையும் ஒன்றாக உயர்ந்து நிற்கும். அன்றைக்குத் தளை போட்டு ஏறுகிற கை இங்கே இருக்காது. இப்போது பழகும் பிள்ளைகள்தான் ஏற வேண்டியிருக்கும். அவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்பது இன்றைக்கே தோப்புக்காரர்கள் கையில் இருக்கிறது.

மழைக்கு முன்னால் இன்னும் ஒரு வெட்டு இருக்கிறது. உங்கள் தோப்புக்கு மெஷினோடு ஆள் வந்தால், மரத்துக்கு எவ்வளவு என்று பேசுவதற்கு முன் பட்டை எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் நீங்களே ஒன்று வாங்கிக் கொட்டகையில் மாட்டி வையுங்கள். மரம் ஈரமாக இருந்தால் அன்று ஏற்றாதீர்கள். லாரி நாளைக்கும் வரும்.