இலத்தீனின் புனைவு வழித்தோன்றல்களும் வினைத்திரிபும்: ஒரு விமர்சன நோக்கு

இயற்கை மொழிகளின் வரலாற்றை ஆராய்தல் மொழியியலாளரின் பணி. இல்லாத மொழியொன்றுக்கு வரலாறு வகுத்தலோ வெறும் விளையாட்டென்றே பெரும்பாலும் ஒதுக்கப்படுகின்றது. ஆயினும் இலத்தீனை மூலமாகக் கொண்டு கடந்த நூற்றாண்டின் தொடக்கம் முதலாக ஆக்கப்பட்ட புனைமொழிகளை, சிறப்பாக அவற்றின் வினைத்திரிபுகளை, ஊன்றி நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மொழி எவருக்குரியது என்னும் வினாவுக்கு ஒவ்வோர் ஆக்கியோனும் தன்னையறியாமலே ஒரு விடை கூறியுள்ளான். அவ்விடைகளே இங்கு மதிப்பிடப்படுகின்றன.

இத்தாலியக் கணிதவியலாளர் ஜுசெப்பே பெயானோ 1903இல் 'திரிபற்ற இலத்தீன்' என்னும் திட்டத்தை வெளியிட்டார். அவரது கட்டுரையின் அமைப்பே சுவையானது. செவ்விலத்தீனில் தொடங்கும் அது, இன்னின்ன திரிபு வேண்டாதது என நிறுவிய கையோடு அதனைக் கைவிட்டுச் செல்கின்றது. முடிவில் திரிபற்ற மொழியே எஞ்சுகின்றது. அம்மொழியில் வினை ஏவல் வடிவில் நிற்கும். 'நேசி' எனப் பொருள்படும் 'அமா' என்பதன் முன் எழுவாயை வைத்தால் இடம் விளங்கும். 'நேற்று' என்னும் சொல் வந்துவிட்டால் இறந்தகால விகுதி எதற்கு என்பது அவர் வாதம். தருக்க நெறியில் இதனை மறுத்தல் எளிதன்று. இடவிகுதி இன்றியும் வினை இயங்கும் என்பதற்கு மலையாளமே நமக்கு அண்மையிலுள்ள சான்று. ஆனால் மலையாளத்தில் இடவிகுதிகளை உதிர்த்தவர்கள் அதனைப் பேசியவர்கள். அவர்களும் காலங்காட்டும் உருபுகளைக் கைவிடவில்லை. பெயானோவின் மொழியிலோ உதிர்த்தவர் ஒருவரே. திரிபை நீக்கியபின் அவர் கையில் எஞ்சிய சொற்கள் செவ்விலத்தீன் அகராதிக்குரியவை. கற்றோரின் சொற்களஞ்சியத்தை அப்படியே வைத்துக்கொண்டு எளிமையை மட்டும் மேலிருந்து வழங்க முற்பட்டமையே அத்திட்டத்தின் அடிப்படை முரண்பாடு.

1951இல் வெளியான இன்ரர்லிங்குவா வேறுவழியிற் சென்றது. அலெக்சாந்தர் கோடேயும் அவரது குழுவினரும் வாழும் மேலை ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவானவற்றைத் திரட்டினர். மூலமொழிகளுள் ஒன்றிலேனும் இல்லாத இலக்கணக் கூறு விலக்கப்பட்டது. எனவே இடவிகுதிகள் மறைந்தன. 'பேசுவான்' முதலிய எதிர்கால வடிவங்கள் அனைத்துக்கும் 'பார்லாரா' என்பதொன்றே அமைந்தது. இவ்வடிவு சிந்தனைக்குரியது. இதன் இறுதி 'ஆ' எங்கிருந்து வந்தது?

செவ்விலத்தீனில் 'நேசிப்பான்' என்பது 'அமாபித்'. 'நேசித்தான்' என்பது 'அமாவித்'. மக்கள் வழக்கில் உயிரிடைப்பட்ட பகரம் வகரமாக நெகிழ்ந்தபோது இவ்விரண்டும் மயங்கின. 'சொல்கிறான்' எனப்படும் 'தீக்கித்'தும் 'சொல்வான்' எனப்படும் 'தீக்கெத்'தும் அவ்வாறே ஒன்றுபோல் ஒலிக்கலாயின. எதிர்காலத்தைக் கூற வழியின்றி மக்கள் தவித்திருப்பரோ? இல்லை; 'நேசிக்க உடையேன்' என்னும் பொருளில் வினையெச்ச வடிவொடு 'உடைமை' வினையைச் சேர்த்து வழங்கினர். நாளடைவில் அத்துணைவினை தேய்ந்து விகுதியாயிற்று. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகியவற்றின் எதிர்காலம் இவ்வாறு பிறந்ததே. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரெதெகாரின் வரலாற்றேட்டில், தாரா என்னும் நகரின் பெயர்க்காரணம் கூறுமிடத்து இப்புது வடிவு முதன்முதலாகத் தலைகாட்டுகின்றது. தரமாட்டேன் என்று பாரசீக அரசன் பழைய எதிர்காலத்தில் மறுக்க, 'தருவாய்' எனப் பேரரசன் புதிய எதிர்காலத்தில் விடையிறுக்கிறான். கதை பொய்யாகலாம், வினைவடிவு மெய்.

ஆகவே 'பார்லாரா'வின் ஈற்று 'ஆ', பேசுவோர் நாவில் தேய்ந்த 'உடையான்' என்னும் வினையின் எச்சம். இன்ரர்லிங்குவா அதனைப் படர்க்கை ஒருமையில் உறையச் செய்து எல்லா இடத்துக்கும் பொதுவாக்கிற்று. 'நான் உடையான்', 'நீ உடையான்' என்பது போன்ற இதன் விசித்திரம், வரலாறு மறைந்துவிட்டமையாற் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பயன்பாட்டு நோக்கில் இதிற் குற்றமில்லை. பெயானோவினும் கோடே குழுவினர் மக்களுக்கு ஓரளவு அண்மையில் நின்றனர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் உழைப்பின் பயனை எடுத்துக்கொண்டு உழைத்தவரை மறத்தல் போன்றது இது.

வரலாற்றையே அடிப்படையாகக் கொள்ளும் மூன்றாம் வகை புனைமொழிகள் பிற்காலத்தவை. நியூசீலாந்தைச் சேர்ந்த அன்ட்ரூ சிமித் 1996இல் ஆக்கிய பிரிதெனிக், பிரித்தானியாவில் இலத்தீன் நிலைத்திருந்து வெல்சு மொழியின் ஒலிமாற்றங்களுக்கு உட்பட்டிருப்பின் எவ்வாறிருக்கும் என வினவுகின்றது. நெதர்லாந்தைச் சேர்ந்த யான் வான் ஸ்டேன்பெர்கன் 2002இல் தொடங்கிய வெனெதிக், போலிஷ் மொழி நோக்கில் அதே வினாவை எழுப்புகின்றது. இங்கு பேசுவோர் கற்பனையே எனினும் இருக்கின்றனர். இதுவே பெரும் முன்னேற்றம்.

ஆனால் இம்முறையை மேற்கொள்வோர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். ஒலிமாற்ற விதிகளை அட்டவணையிட்டு இலத்தீன் வாய்பாட்டை அவற்றினூடே செலுத்திவிட்டால் வினைத்திரிபு கிடைத்துவிடும் என்பது மயக்கம். அயல்மொழியோடு கலந்து வாழ்தல் ஒலியை மட்டும் மாற்றுவதில்லை. ருமேனியத்தை நோக்குக. அது எதிர்காலத்துக்கு 'உடைமை' வினையை மட்டும் நம்பாது 'விரும்புதல்' வினையைப் பெரிதும் கையாள்கின்றது. அயலிலுள்ள பல்கேரியமும் கிரேக்கமும் அவ்வாறே செய்கின்றன. அங்ஙனமாயின் போலிஷ் சூழலில் வளரும் இலத்தீன், அதன் ஒலிகளை ஏற்று இறந்தகால அமைப்பை மட்டும் ஏலாது நிற்குமா? வெல்சு மொழி தொழிற்பெயரொடு 'இரு' வினையைச் சேர்த்து நிகழ்காலம் கூறும் வழக்கம் பிரித்தானிய இலத்தீனிற் படியாதிருக்குமா? இவ்வினாக்களை எழுப்பாத வினைவாய்பாடு உயிர்பெறாது.

ஒலிவிதி கலைத்ததை ஒப்புமை மீண்டும் ஒழுங்குசெய்யும் என்பதும் மறக்கற்பாலதன்று. பழைய பிரெஞ்சில் 'நேசி' வினையின் பகுதி, அசையழுத்தம் காரணமாக ஒருமையில் 'ஐம்' என்றும் 'நாம்', 'நீர்' என்னும் இடங்களில் 'அம்' என்றும் வேறுபட்டது. பேசுவோர் பின்னர் முன்னதையே எங்கும் பரப்பினர். ஒப்புமை எப்போதும் எளிமையை நோக்கிச் செல்லும் என்றும் கூறமுடியாது. ஸ்பானியத்தில் 'வருகிறேன்', 'கொண்டுள்ளேன்' ஆகிய வினைகளிலிருந்த 'கோ' என்னும் ஈறு, தனக்கு எவ்வித உரிமையுமில்லாத 'விழுகிறேன்', 'கேட்கிறேன்' ஆகியவற்றையும் தொற்றிக்கொண்டது. அட்டவணையால் இதனை முன்னுரைக்க இயலாது.

நாள்தோறும் வழங்கும் வினைகளோ ஒழுங்குக்கு எளிதில் அடங்கா. பிரெஞ்சில் 'போ' என்னும் வினை, 'போகிறேன்' என்னுமிடத்து ஒரு பகுதியையும், 'போகிறோம்' என்னுமிடத்து இன்னொன்றையும், 'போவேன்' என்னுமிடத்து மூன்றாவதொன்றையும் கொள்கின்றது. ஸ்பானியத்தில் 'போனேன்' என்பதும் 'இருந்தேன்' என்பதும் ஒரே வடிவு. கேட்பவர் இடமறிந்து பொருள் கொள்வர். புனைமொழி இலக்கணமொன்று கையிற் கிடைக்கும்போது நான் முதலிற் புரட்டிப் பார்ப்பது 'போ' என்னும் வினையின் பக்கத்தையே. அது ஒரே பகுதியில், ஆறு விகுதிகளும் பிசகாது வரிசையில் நிற்குமாயின், அம்மொழியை இதுவரை எவரும் பேசியதில்லை எனத் துணிந்துவிடலாம்.